கன்னத்து எலும்பில் ஒரு துளை

தென்கொரியாவின் மொக்போ துறைமுக மீன் சந்தையில் திருக்கை விற்கும் சுன்-ரேயின் வாய்க்கு அந்தக் கடை வரிசையே அடங்கி நடக்கும். அப்பேர்ப்பட்டவள் ஒரு குளிர்காலம் முழுக்க வாய் திறக்கவில்லை.

வலது கன்னத்தில் வலி. முகம் கழுவினால் மின்சாரம் பாய்ந்ததுபோல் வெட்டும். சோறு மென்றால் வெட்டும். கடல்காற்று பட்டாலே வெட்டும். பல்வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியாயிற்று. பல் போனதுதான் மிச்சம்.

"வீடு கோயில் மாதிரி அமைதியா இருக்கு" என்று முதலில் சிரித்த புருஷன் மன்-பொக்குக்கு, போகப் போக அந்த அமைதியே பயமாகிவிட்டது. சந்தைக்கு ஐஸ்கட்டி ஏற்றிவரும் தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அவளைக் குவாங்ஜூ நகரத்தில் இருந்த வலி மருத்துவரிடம் கூட்டிப் போனார்.

டாக்டர் பியோ நடுவயதுப் பெண். முகத்து நரம்புக் கோளாறு என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார். அது தலைசுற்றலைத்தான் தந்தது. அடுத்து, நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி.

"நேரா பாருங்கம்மா. கருவிழிக்கு நேர் கீழே, கண்குழி விளிம்பத் தாண்டினதும் எலும்புல ஒரு சின்னத் துளை இருக்கும். நரம்பு அது வழியாத்தான் வெளிய வருது."

தடவிப் பார்த்துப் புள்ளி வைத்து ஊசி போட்டார். காத்திருந்தார்கள்.

"மேலுதடு மரத்துச்சா?"

சுன்-ரே தலையை ஆட்டினாள். இல்லை.

மன்-பொக் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டாக்டரம்மா, இவ சின்ன வயசுல படகுல விழுந்து அந்தக் கன்னத்து எலும்ப ஒடச்சிக்கிட்டா."

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"இத்தன வருஷமா மறைச்சத ஊருக்கே சொல்லிட்டீங்களா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சுன்-ரே சீறினாள். வலி வெட்டியது. ஆனாலும் மன்-பொக்குக்கு அந்தத் திட்டு தேனாக இனித்தது.

டாக்டர் இரண்டு கன்னங்களிலும் விரல் வைத்து ஒப்பிட்டார். உடைந்து கூடிய எலும்பில் விளிம்பு சற்றே இறங்கியிருந்தது. துளையும் கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்ந்திருந்தது. ஸ்கேன் கருவியை வைத்து உறுதிசெய்துகொண்டு மறுபடி குத்தினார். கொஞ்ச நேரத்தில் மூக்கோரமும் மேலுதடும் மரக்கட்டையாகிவிட்டன.

"இது நிரந்தரமில்லம்மா. வலி திரும்பினா மறுபடி வாங்க. இடம் தெரிஞ்சுபோச்சு இல்லையா?"

வெளியே ஒரு கடையில் ஆறின பூசணிக்கஞ்சி வாங்கிக் கொடுத்தார் மன்-பொக். மரத்த உதட்டோரம் கஞ்சி வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்தவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

"ஏங்க, எதுக்குப் பயப்படுறீங்க? துடைங்க."

துடைத்தார். "வலிக்குதா?"

"இல்ல" என்றாள். "இன்னொரு தடவ துடைங்க."