தலையங்கம் அக்காவும் பள்ளிக்கூடத்தின் அரை மணி நேரமும்

அந்தத் தெருவில் முடி வெட்டிக்கொள்ள இரண்டு மூன்று இடங்கள் இருந்தன. கூடவே கருத்தும் வேண்டுமென்றால் ஒரே இடம்தான். மூலைக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், மருந்துக்கடைக்கு எதிரே, இரண்டு நாற்காலிகள் மட்டுமே உள்ள பெண்கள் முடிதிருத்தகம் அது. நாற்காலிகளில் ஒன்றுக்கு ஒரு கெட்ட பழக்கம். மிதித்தால் மரியாதையாக உயரும். பிறகு யாருக்கும் தெரியாமல் மெல்ல மெல்ல இறங்கும். அதில் உட்கார்ந்தவர்கள் வேலை முடியும் நேரத்தில் கண்ணாடியில் தங்கள் நெற்றியை மட்டும்தான் பார்ப்பார்கள்.

கடையை நடத்தியவளுக்குத் தெரு வைத்த பெயர் தலையங்கம் அக்கா. பெயரைக் கண்டுபிடித்தவர் எதிர்க்கடை மருந்துக்காரர். ஒரு தலையில் கை வைத்துவிட்டால் அவளுக்குக் கருத்து ஊற்றெடுக்கும் என்பது அவர் கணிப்பு. அக்கா அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

“பத்திரிகைக்காரங்க வாரத்துக்கு ஒண்ணு எழுதுறாங்க. நான் தலைக்கு ஒண்ணு சொல்றேன். யாரு உழைப்பாளி?” என்று கேட்டாள்.

வாராவாரம் நான்கு பக்க வட்டாரச் செய்தித்தாள் ஒன்று கடைக்கதவின் அடியில் செருகப்பட்டிருக்கும். விளக்கைப் போடுவதற்கு முன்பே அதை ஒரு வரி விடாமல் படித்துவிடுவாள். அன்றைய முதல் வாடிக்கையாளரின் தலையை நனைக்கும்போதே செய்திகளும் நனைய ஆரம்பிக்கும். பூங்காவில் ஊஞ்சலைச் சரிசெய்ததற்குத் திறப்பு விழா வைத்தார்களா? “சங்கிலியை மாத்தினதுக்கு எதுக்கும்மா ரிப்பன்?” பூனை ஒன்றைக் காணவில்லை என்று விளம்பரமா? “அது எங்கயும் தொலையல. வீடு மாறியிருக்கு. மருந்துக்கடையில வேளாவேளைக்கு மீன் கிடைக்குது, அது ஏன் திரும்பிப் போகும்?” இது உண்மையாகவே இருந்தது. மருந்துக்காரர் அடுத்த நாளே பூனையைத் தூக்கிக்கொண்டு போய், அசடு வழியச் சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்படி எல்லாம் சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மூன்றாம் பக்கத்தில் அந்தச் செய்தி வந்தது. தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியை இரண்டு மாற்றங்களை அறிவித்திருந்தார். அடுத்த பருவத்திலிருந்து பள்ளி அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கும். பெண் பிள்ளைகள் அனைவரும் இரட்டைப் பின்னலுடன்தான் வரவேண்டும்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் வீட்டிலேயே இருந்தது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், தூக்கத்தில் கும்பகர்ணனுக்குத் தங்கை. முடியோ அம்மாவைக் கொண்டது. அடர்த்தியாக இடுப்பைத் தொடும். காலையில் அக்கா பின்னும்போது பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்குவாள். தலை முன்னால் சாயும், அக்கா பின்னால் இழுப்பாள், மறுபடி சாயும். இத்தனைக்கும் அது ஒற்றைப் பின்னல்.

“அரை மணி நேரத்தையும் புடுங்கிக்கிட்டு, பின்னலையும் ரெண்டாக்கிட்டா நான் என்ன எட்டுக் கையோடயா பொறந்தேன்?” என்று கணவனிடம் கேட்டாள்.

அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று வேலை செய்து பேச்சே குறைந்துபோனவன். “ம்” என்றான். அவனைப் பொறுத்தவரை அது நீண்ட பதில்.

அந்த வாரம் முழுக்க, கடைக்கு வந்த எல்லாத் தலைக்கும் பள்ளிக்கூடம்தான். நாள் ஆக ஆகக் கதைக்குக் கையும் காலும் முளைத்தன. ஆசிரியர்கள் மத்தியானமே வீட்டுக்குப் போய்த் தூங்கத்தான் இந்த ஏற்பாடு என்பதுவரை வந்துவிட்டது. அதை யார் முதலில் சொன்னார்கள் என்று கேட்டால் அக்காவுக்கே தெரியாது. அவளாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை, அதுவரை பார்த்திராத ஒரு பெண் வந்தாள். தோளுக்குக் கீழே தொங்கிய முடியைக் காதளவுக்குக் குறைக்க வேண்டும் என்றாள். நல்ல நாற்காலியில் ஒருவர் தலைச்சாயம் காயக் காத்திருந்ததால் இறங்கும் நாற்காலிதான் கிடைத்தது. அக்கா துணியைப் போர்த்தினாள், தண்ணீரைத் தெளித்தாள், ஆரம்பித்தாள்.

“பள்ளிக்கூடத்துக்குப் புதுசா ஒரு அம்மா வந்திருக்காங்களாம், கேள்விப்பட்டீங்களா?”

“கேள்விப்பட்டேன்.”

“காலையில தூங்கி வழியிற பிள்ளைக்கு ஒரு நாள் தலை வாரிப் பார்த்திருப்பாங்களா அவங்க? நாற்காலியில உட்கார்ந்து உத்தரவு போடுறது சுலபம்ங்க. பின்னல் போட்டா பாடம் மண்டையில ஏறுமா? ஏறும்னா நான் இந்நேரம் விஞ்ஞானி ஆகியிருக்கணும்.”

“அது சரிதான்.”

“மத்தியானமே வீட்டுக்குப் போய்த் தூங்கணுமாம். நீங்களே சொல்லுங்க, நியாயமா?”

“அது மட்டும் சரியில்ல” என்றாள் அந்தப் பெண். “நான் நேத்து வீட்டுக்குப் போறப்ப விளக்கு வச்சாச்சு. அந்தப் புது அம்மா நான்தான்.”

கத்தரி நின்றது. ஒரு பக்கம் முடி காதோடு நின்றது, மறுபக்கம் தோளில் கிடந்தது. அந்தக் கோலத்தில் தலைமையாசிரியை எழுந்து போகவும் முடியாது. கடையைப் போட்டுவிட்டு அக்கா ஓடவும் முடியாது. நாற்காலி மட்டும் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“அளவு பார்த்து வெட்டுங்க” என்றார் தலைமையாசிரியை. “கோபத்தை எல்லாம் அந்தப் பக்கமே காட்டிட்டீங்க.”

மீதி முடியை அக்கா மூச்சுக்கூட விடாமல் வெட்டினாள். தலைமையாசிரியை வாசலில் நின்று, “முடி நல்லா வந்திருக்கு. பின்னலைப் பத்திச் சொன்னதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அங்க வந்து எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லுங்க” என்றார்.

வரமாட்டேன் என்று சொல்லத் தலையங்கம் அக்காவுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி மண்டபம் நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் கொஞ்சம் பேர் ஜன்னலோரம் நின்றார்கள். அவள் பேரைச் சொன்னதும் முன்வரிசையிலிருந்து கைதட்டலே எழுந்தது. பாதிப் பேர் அவள் வாடிக்கையாளர்கள். அக்கா மேடை ஏறி ஒலிவாங்கிக்கு முன் நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கைகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஒரு தடவை கட்டிப் பார்த்தாள், ஒரு தடவை தொங்கவிட்டாள், கடைசியில் ஒலிவாங்கியின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

யாரோ இருமினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து, வருஷத்துக்கு ஒரு முறை கேட்கும் அந்தக் குரல் வந்தது.

“அவ கையில ஒரு சீப்பைக் குடுங்கப்பா!”

கணவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். சிரிப்பு கிளம்புவதற்குள் மகள் பையிலிருந்து சீப்பை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னலைத் தானே அவிழ்த்துவிட்டாள். சீப்பு முடிக்குள் இறங்கியதும் மடை திறந்துகொண்டது.

“இந்த மாதிரிதாங்க தினமும். இதுல சிக்கு எடுக்கணும். இவ தூங்குவா. ஒரு கையால தலையைப் பிடிச்சுக்கணும். ரெண்டாவது பின்னலுக்கு வர்றப்ப மொதப் பின்னலை இவ சாய்ஞ்சே கலைச்சிருப்பா…” பேச்சோடு கையும் ஓடியது. மண்டபம் சிரித்தது, தலையாட்டியது, இரண்டாவது பின்னலுக்காகக் காத்திருந்தது. காத்திருந்து சலித்தும் போனது. ஒருவர் வெளிப்படையாகவே கொட்டாவி விட்டார். “பாத்தீங்களா? உங்களுக்கே பொறுக்கல. நான் இதோட சமையலும் பண்ணணும்” என்றாள் அக்கா.

தலைமையாசிரியையும் சிரித்தார். பிறகு எழுந்து, நேரத்தை மாற்றியதற்கான காரணத்தைச் சொன்னார். இப்போதுள்ள நேரத்தில் பிள்ளைகள் தெருவைக் கடக்கும்போதுதான் கிடங்குக்குப் போகும் லாரிகள் வரிசைகட்டி வருகின்றன. லாரி நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாராம், யாரும் அசையவில்லை. போன மாதம் ஒரு பிள்ளையின் பையின் மேல் சக்கரம் ஏறியிருக்கிறது. பிள்ளை ஓரடி தள்ளி நின்றதால் தப்பித்தது.

அக்காவின் கை நின்றது. மகளின் தலைமேல் உள்ளங்கை அப்படியே படிந்தது.

“இது அந்தப் பேப்பர்ல வரலையே” என்றாள்.

“நான் சொல்லியிருக்கணும். காரணத்தை எழுதாம அறிவிப்பை மட்டும் அனுப்பினது என் தப்பு.”

“அப்ப அரை மணி நேரத்தை நீங்க எடுத்துக்கங்க” என்றாள் அக்கா. “மத்தியானத் தூக்கம்னு நான் சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கிறேன். பின்னலை எனக்கு விட்டுக் குடுங்க. முடி முகத்துல விழாம இருந்தாப் போதாதா? தலை அவங்கவங்களுதுதானே?”

அப்படியே முடிந்தது. நேரம் மாறியது, பின்னல் விதி போய், முடியைக் கட்டியிருந்தாலே போதும் என்றானது. கூட்டம் கலையும்போது மருந்துக்காரர் வந்து கை குலுக்கினார். கணவன் பக்கத்தில் நின்றிருந்தான். “எழுந்து அப்படிக் கத்துவீங்கன்னு நான் நினைச்சே பார்க்கலங்க” என்றாள் அக்கா. “ம்” என்றான் அவன்.

ஆனால் வெற்றியின் வால் அவள் பக்கமே திரும்பி ஆடியது. இரண்டு நாள் கழித்து மகள் கடைக்கு வந்து, நல்ல நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, “அம்மா, எனக்கும் காதளவு வெட்டிடு” என்றாள்.

“என்னடி பேசுற? இவ்வளவு முடியை வச்சுக்கிட்டு!”

“அவங்கவங்க தலை அவங்கவங்களுதுன்னு மைக்ல சொன்னது யாரு?”

அக்கா வாசலைப் பார்த்தாள், உதவிக்கு யாரும் வரவில்லை. சீப்பை எடுத்துத் தேவைக்கு அதிகமாகவே வாரினாள். மகள் பிறந்த நாளிலிருந்து அந்த முடியை அவள் கைகள் அறியும். பிறகு கத்தரியை எடுத்தாள். வெட்டி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்ததைப் பார்க்கவும் இல்லை. மகள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, கழுத்தில் காற்று படுவதற்குக் கூச்சப்பட்டுச் சிரித்தாள். முகம் புதிதாக, கொஞ்சம் பெரியவளாகத் தெரிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று அக்காவுக்கு மனசுக்குள் பட்டது. கொஞ்சம் அழுகையும் வந்தது. தண்ணீர் தெளிக்கும் குப்பியை நிரப்பப் போவதுபோல உள்ளே போய்விட்டு வந்தாள்.

பருவம் தொடங்கியபோது காலையில் அவளுக்கு இருந்த வேலை, பிள்ளையை எழுப்புவது மட்டும்தான். தலையை மகளே ஒரு இழுப்பில் சீவி, ஒரு கிளிப்பைக் குத்திக்கொண்டாள். கை சும்மா இருந்ததால் அக்கா பள்ளிவரை கூடவே நடக்க ஆரம்பித்தாள். லாரிகள் இன்னும் வராத தெருவில் பிள்ளைகள் வழியை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். மகள் தோழிகளைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள்.

பள்ளி வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார்.

“நூலகத்தைச் சாயங்காலம் சீக்கிரமே மூடப் போறாங்களாம், படிச்சீங்களா?” என்றார்.

“படிச்சேன், படிச்சேன். அந்தக் கொடுமையைப் பத்தி எனக்கு நிறையச் சொல்ல இருக்கு” என்றபடி அக்கா பையைக் கீழே வைத்தாள்.