கழுத்து முறிந்த பாஸ்

திருகோணமலைக் கடற்படைத்தளம் ஆங்கிலேயர் வசம் இருந்த காலத்தில், அதன் தச்சுப் பட்டறையில் வேலாப்போடி என்பவர் வேலை பார்த்தார். பிறப்பிடம் வெருகல், மணமுடித்தபின் பாலையூற்றில் குடியிருந்தார். கைத்தேர்ச்சியுள்ள தச்சரையும் கொத்துவேலை செய்யும் மேசனையும் ‘பாஸ்’ என்றழைப்பது எங்கள் வழக்கமாதலால், அவர் எல்லோருக்கும் வேலாப்போடி பாஸ். அவருடைய அயல்வீட்டுக்காரனாக நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், கண்டதையும் அவர் வாயால் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டு. அதிகாரிகளின் கிளப்பில் எடுபிடி வேலை செய்த றஊப், கையில் ஒரு துண்டுச் சீட்டுடன் பட்டறைக்கு ஓடிவந்தார்.

“கிளப்பில பாஸுக்குக் கழுத்து முறிஞ்சு போச்சாம்! உடனே ஆள் வரட்டாம்!”

அந்தக் கிழமை கிளப்பின் கூரையைத் திருத்திக்கொண்டிருந்தவர் மூத்ததம்பி பாஸ். பட்டறை முழுவதும் பதறியது. வேலாப்போடி, செய்துமுடித்த கதவுப் பலகையொன்றைத் தூக்கிக்கொண்டு, துணைக்கு இருவரை அழைத்துக்கொண்டு ஓடினார். அங்கே மூத்ததம்பி கூரையின் மேல் அமர்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தார்.

“கதவைத் தூக்கிக்கொண்டு எங்க ஓடுறியள்?”

“உங்களை ஏத்திக்கொண்டு போகத்தான் வந்தனாங்கள்.”

“நான் இன்னும் சாகேல்லை. கதவைக் கொண்டுபோய் மாட்டுங்கோ.”

கழுத்து முறிந்து கிடந்தது, உள்ளே சோபாவில் சாத்தப்பட்டிருந்த டபுள் பேஸ் என்னும் வாத்தியம். ஆளுயரம்; வயலினின் வடிவம்; நான்கு தடித்த கம்பிகள். வெள்ளைக்காரர் ‘பேஸ்’ என்று ஒலிக்கும் அந்தச் சொல்லைச் சீட்டில் கண்ட றஊப், தமக்குத் தெரிந்த ஒலியில் ‘பாஸ்’ என்று வாசித்துவிட்டார். மூத்ததம்பிக்காகக் கொண்டுபோன கதவிலேயே அந்த வாத்தியம் பட்டறைக்கு வந்துசேர்ந்தது.

வேலாப்போடி கழுத்தை ஒட்டி, இறுக்கி, உலரவிட்டார். அதைப் பெற்றுச்செல்ல வந்த கடற்படை வீரர் ஒருவர் கம்பிகளைச் சுருதி கூட்டி, தடித்த கம்பியை ஒரு முறை சுண்டினார். வேலாப்போடியின் உள்ளங்கை அப்போது வாத்தியத்தின் முதுகில் இருந்தது. அந்த ஒலி முழங்கைவரை ஏறியதாம்.

“மரத்துக்குள்ள இப்பிடியொரு கதை இருக்கெண்டு எனக்குத் தெரியாது,” என்று அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஐம்பத்தேழில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது, மறுபடியும் வெடிப்புக் கண்டிருந்த அந்த வாத்தியம் பட்டறை மூலையில் கிடந்தது. விரும்பினால் எடுத்துக்கொள்ளுமாறு ஓர் அதிகாரி சொன்னார். வேலாப்போடி வெடிப்பை ஒட்டிச் சீராக்கினார். மாட்டுவண்டியில் அது பாலையூற்றுக்கு வந்த அன்று, அயலவர் வேலிக்கு வேலி நின்று, “ஆருக்குச் சவப்பெட்டி செய்தனீங்கள், பாஸ்?” என்று விசாரித்தார்கள். அவருடைய மனைவி கனகமணி மட்டும் எதுவும் கேட்கவில்லை. மாலையில் முதல் ஒலி எழுந்ததும் குசினியிலிருந்து, “வீட்டுக்குள்ள எருமை கட்டுறதெண்டால் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்,” என்றார்.

கற்பிப்பார் எவருமில்லை. கிளப்பின் நடனமண்டபத்திற்குள் பட்டறை ஊழியர் நுழைய அனுமதியில்லாதிருந்தமையால், ஒரு குழுவின் நடுவில் அந்த வாத்தியம் வாசிக்கப்படுவதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. நகரில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த சரீப்தான் அவருக்கு வழி காட்டினார். கையடக்கமான ட்ரான்சிஸ்டர் ஒன்றைக் கொடுத்து, அமெரிக்க வானொலியின் ஜாஸ் நிகழ்ச்சி எந்த அலைவரிசையில் வரும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார்.

அதன்பின் இராச்சாப்பாடு முடிந்ததும் வேலாப்போடி வானொலியின் முன் அமர்வார். எக்காளமும் சாக்ஸபோனும் இரைந்து ஓயும். எல்லா வாத்தியங்களும் அடங்கியபின் அந்தத் தடித்த கம்பிகள் தனித்துப் பேசத் தொடங்கும். அப்போது அவர் கையை உயர்த்துவார். வீட்டில் ஒருவரும் அசையக் கூடாது. அறிவிப்பாளர் சொல்லும் பெயர்களைக் கவனமாகக் கேட்டு வைத்துக்கொண்டார்: ரே பிரவுன், போல் சேம்பர்ஸ், ஒஸ்கார் பெட்டிஃபோர்ட். கைவேலைக்காரருக்கு உரிய மரியாதையை அவர்களுக்கும் வழங்கினார். “நேற்று சேம்பர்ஸ் பாஸ் என்ன மாதிரி இறக்கினவர், கேட்டீங்களோ?” என்று வேலிக்கு மேலால் என்னிடம் கேட்பார். மறுநாள் அந்தத் தனிவாசிப்பைத் தம் கம்பிகளில் தேடுவார். ஆண்டுகள் செல்லச் செல்ல, தேடியவற்றுள் பல அவருக்குக் கிட்டவும் செய்தன.

அவருக்கு ஒரேயோர் ஆசை இருந்தது. ஹெக்டர் பால்தசார் என்ற, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர், பியானோ வாசிப்பவர், நகரில் ஒரு நடனக்குழு நடத்தினார். கலியாணங்களுக்கும் நடன விருந்துகளுக்கும் அவர்களே வாசிப்பார்கள். அந்தக் குழுவில் தம் வாத்தியத்துடன் நிற்க வேண்டும் என்பதே வேலாப்போடியின் ஆசை. அறுபத்தாறில் அக்குழுவின் பேஸ் வாத்தியக்காரர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். பால்தசார் வேலாப்போடியை அழைத்தார்.

பால்தசார் வீட்டு முன்னறையில் ஒத்திகை. பியானோ தொடங்கியது, மேளம் சேர்ந்தது, தங்கரத்தினம் என்பவரின் சாக்ஸபோன் மேலெழுந்தது. வேலாப்போடி வாத்தியத்தைத் தோளில் சாய்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு, மிகுந்த பணிவோடு நின்றார். பால்தசார் பாட்டை நடுவில் நிறுத்தினார்.

“ஏன் பாஸ், வாசிக்கேல்ல?”

“நீங்கள் முடியுங்கோ. நான் பொறுத்து நிக்கிறன்.”

“என்னத்துக்குப் பொறுக்கிறியள்?”

“எல்லாரும் நிப்பாட்டினாப் பிறகுதானே என்ர முறை?”

தங்கரத்தினம் சிரித்த சிரிப்பில் சாக்ஸபோன் கைநழுவப் பார்த்தது. “பாஸ், கலியாணப் பந்தியில கடைசியாச் சாப்பிடுற ஆள் மாதிரியெல்லோ நிக்கிறார்!” என்றார். பால்தசார் சிரிக்கவில்லை, ஆனால், “எனக்குக் கூட வாசிக்கிற ஆள் வேணும், பாஸ், பிறகு வாசிக்கிற ஆள் இல்லை,” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வேலாப்போடி வாத்தியத்தைச் சுவரின் பக்கம் திருப்பி வைத்து, அதன்மேல் ஒரு சேலையைப் போட்டு மூடினார். வானொலியைச் சரீப்பிடமே திருப்பிக் கொண்டுபோனார்.

“பழுதோ, பாஸ்?” என்று கேட்டார் சரீப்.

“பெட்டி பழுதில்லை. நான்தான் பழுது.”

நடந்ததைக் கேட்ட சரீப், தலையிற் கைவைத்துக்கொண்டார். “பாஸ், இந்தச் சின்னப் பெட்டிக்குள்ள அவ்வளவு பெரிய சத்தம் புகாது. மற்றவன் கத்தேக்க இந்தத் தடிச்ச கம்பிக்காரன்ர சத்தம் அமுங்கிப் போகும். மறுகா எல்லாரும் ஓய்ஞ்சாத்தான் மிச்சம் மீதி கேக்கும். இஞ்ச வாங்கோ.”

திருத்துவதற்காக வந்திருந்த பெரிய ரேடியோகிராம் ஒன்று கடையின் பின்னறையில் இருந்தது. ஜாஸ் நிகழ்ச்சி தொடங்கும்வரை இருவரும் காத்திருந்து, அதில் கேட்டார்கள். எக்காளத்தின் அடியில், பியானோவின் அடியில், அந்தத் தடித்த கம்பி முதல் அடியிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. அவசரமில்லை, நிற்பதுமில்லை. ஒரு சுரம் அடுத்த சுரத்தின் கையைப் பிடிக்கும்வரை அடங்காமல் ஒலித்தது. வேலாப்போடி நிலத்தில் குந்தி, பெட்டியின் பக்கப்பலகையில் உள்ளங்கையை வைத்தார்.

“இந்த மனுசன் வேலையை விட்டு எழும்பவே இல்லை, சரீப்,” என்றார். பாட்டு முடிந்ததும், “இவ்வளவு நாளும் நான் இவர் இளைப்பாறினதையெல்லோ படிச்சிருக்கிறன்,” என்றார்.

வாத்தியத்தின் மேல் கிடந்த சேலை அன்றே எடுக்கப்பட்டது. சரீப் வானொலியைத் திரும்பத் தந்து, அதனோடு இணைக்க ஒரு பெரிய ஒலிபெருக்கியும் தேடிக் கொடுக்க, வேலாப்போடி அதற்குத் தேக்குப் பலகையில் ஓர் உறுதியான பெட்டி செய்தார். விரல்நுனியால் சுண்டுவதை விட்டு, விரலின் பக்கச் சதையால் கம்பியை இழுக்கப் பழகினார்; அப்போதுதான் ஒலி தடித்தது. முன்பு கற்ற தனிவாசிப்பு ஒன்றையும் அவர் பிறகு தொடவில்லை. வானொலியில் பிரவுன் பாஸ் நடக்கும்போது கூடவே நடந்தார். தம் ஒலி எது, அவருடைய ஒலி எது என்று பிரித்தறிய முடியாத நாளே தேறிய நாள் என்பது அவர் வைத்துக்கொண்ட கணக்கு.

பால்தசார் மீண்டும் வந்தது எழுபத்திரண்டில். நிலாவெளியில் புதிதாகத் திறந்த ஹோட்டல் ஒன்று, ஞாயிறு பிற்பகல் தேநீர் நடனங்களுக்கு அவருடைய குழுவை அழைத்திருந்தது. கொழும்பிலிருந்து வர ஒப்புக்கொண்ட பேஸ் வாத்தியக்காரர் வரவில்லை. வேலிப் படலையில் நின்று பால்தசார் கேட்டார்:

“பாஸ், நாங்கள் வாசிக்கேக்க நீங்களும் வாசிப்பியளோ, இல்லாட்டி இன்னும் பொறுத்துத்தான் நிப்பியளோ?”

“இல்லை, கூடவே வருவன்.”

“இந்த ஒரு நாள் பார்ப்பம். சரிவராட்டி, இனி நான் வந்து கேக்கமாட்டன். கோவிக்கக் கூடாது.”

ஞாயிறன்று கனகமணியும் குழுவின் வான் வண்டியில் ஏறிக்கொண்டார். வழியிலுள்ள சல்லிக் கிராமத்தில் முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் ஹோட்டலை அடைந்ததும் மண்டபத்திற்குள் வர மறுத்துவிட்டார். “வெள்ளைக்காரர் கட்டிப்பிடிச்சு ஆடுறதை நான் பார்க்க ஏலாது,” என்று சொல்லி, மண்டபத்தின் பின்சுவரோரம், பூவரச மர நிழலில் இருந்துகொண்டார்.

வேலாப்போடி முதல் அடியிலேயே புகுந்தார். கடைசிப் பாட்டுவரை விரல் ஓயவில்லை. ஒருமுறை பால்தசார் பியானோவை நிறுத்தி, தனியே வாசிக்குமாறு தலையசைத்தார். வேலாப்போடி மறுத்துத் தலையசைத்து, நடந்தபடியே இருந்தார். சோடிகள் ஆடிக்கொண்டேயிருந்தன. முடிவில் கைதட்டினார்கள், சாக்ஸபோனுக்கு மிகுதியாகத் தட்டினார்கள்.

கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்த வேலாப்போடி, மெதுவாகத் தங்கரத்தினத்திடம் கேட்டார்.

“தம்பி, என்ர வாசிப்பு எப்பிடி?”

“உங்கடயோ? உண்மையைச் சொன்னால், நான் கவனிக்கவே இல்லை, பாஸ்.”

வேலாப்போடியின் முகம் வாடிவிட்டது. பால்தசார் ஹோட்டல்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. வாத்தியத்தைத் தாமே தூக்கிக்கொண்டு வேலாப்போடி பின்வாசலால் வெளியேறினார். கனகமணி எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

“என்ன, மற்ற ஆக்கள் ஒருத்தரும் இண்டைக்கு வாசிக்கேல்லையோ?”

“ஏன் அப்பிடிக் கேக்கிறாய்?”

“இந்தப் பக்கம் உங்கட எருமைச் சத்தம் மட்டும்தானே கேட்டுது! தொடக்கத்தில இருந்து முடிவுமட்டும். இடையில ஒருக்காலும் நிக்கேல்லை. சுவரில சாய்ஞ்சிருந்தனான், முதுகுக்குள்ளால போச்சுது.”

வேலாப்போடி வாத்தியத்தை மர நிழலில் சாய்த்துவைத்தார். பின்னர் அந்தச் சுவரருகே போய், உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். உள்ளே வாசிப்பு முடிந்துவிட்டிருந்ததால் அங்கே ஒன்றும் இருக்கவில்லை. ஆயினும் கையை எடுக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

அவர்களைத் தேடிப் பின்பக்கம் வந்த பால்தசார், “பாஸ், இந்தச் சாமானை ஏன் கிழமைக்குக் கிழமை பாலையூற்றுக்கும் நிலாவெளிக்கும் இழுப்பான்? இஞ்சையே ஒரு அறை தாறாங்களாம், வைச்சிட்டு வாங்கோ,” என்றார்.

“அது சரிவராது,” என்று இடைமறித்தார் கனகமணி. “வீட்டில எருமை இல்லாட்டி எனக்கு நித்திரை வராது.”

வாத்தியம் அன்று மாலை வான் வண்டியின் கூரையில் கட்டப்பட்டுப் பாலையூற்றுக்குத் திரும்பியது. அடுத்த ஞாயிறு மீண்டும் நிலாவெளிக்குச் சென்றது. கனகமணியும் உடன் சென்றார். சுவரோரத்து நிழலில் அவர் அமர்வதற்கென்று ஒரு கதிரை போடப்பட்டிருந்தது.