மாதா பக்கத்தில் ஏறிய கிரேக்கப் பெண்

எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டி வாசித்தவள் நான்தான். மணவாளக்குறிச்சிக்கு அருகே கடற்கரையில் வீடு. அம்மா ஓலைக் கடவத்தில் மீன் சுமந்து விற்றாள். நாங்கள் கத்தோலிக்கர், பள்ளியோ வேறு சபையாருடையது. என் விசுவாசத்துக்குப் பழுது வந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லித்தான் பங்குச் சாமியார் என்னை அங்கே அனுப்பச் சம்மதித்திருந்தார்.

ஏழாம் வகுப்பில் வெள்ளைக்கார ஆசிரியை ஒரு கிரேக்கக் கதை சொன்னார். நீரில் வாழும் தேவகன்னி ஒருத்தி. ஆற்றுத் தெய்வம் ஒருவன் துரத்த, ஓடித் தண்ணீராகக் கரைந்து, கடலுக்கடியில் போய் வேறொரு தீவின் கரையில் நன்னீர் ஊற்றாக எழுந்தாள். அந்த ஊற்று இன்றும் இருக்கிறதாம். ஊற்று இருக்கும் ஊரின் பழங்காசில் அவள் முகம். சுற்றிலும் நான்கு ஓங்கில் மீன்கள், அதாவது டால்பின்கள். அந்தக் காசின் படத்தை எனக்குப் பரிசாகத் தந்தார்.

அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தலையச் சுத்தி ஒளிவட்டம் மாதிரி ஓங்கிலு! எந்தூரு புனிதையாக்கும் மக்கா?"

"கிரேக்க தேசம்" என்றேன். மானம் காக்க ஓடியதையும் ஊற்றானதையும் சொன்னேன். அம்மா கண் கொட்டாமல் கேட்டாள். அதற்குமுன் அவள் என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. அந்தப் பெருமை போய்விடுமென்று, படத்தில் இருப்பவள் புனிதை இல்லை என்பதை விழுங்கிவிட்டேன்.

படம் மாதா சுரூபத்தின் பக்கத்தில் ஏறியது. தினமும் மெழுகுதிரி, முழங்காலில் ஜெபம். அக்கம்பக்கத்துப் பெண்களும் மீன்பாடு வேண்டி வந்தார்கள்.

உயிர்ப்புத் திருநாள் முடிந்து சாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தார். தீர்த்தம் தெளிக்க உயர்த்திய கை நின்றது.

"இது யார்?"

அம்மா பூரிப்போடு என்னைப் பார்த்தாள். "சொல்லு மக்கா."

ஏதாவது ஒரு புனிதையின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அம்மா அந்தப் பெயருக்கும் முழங்காலிடுவாள் என்று தோன்றியது.

"புனிதை இல்ல சாமி. கிரேக்கக் கதையில வாற பெண்ணு. அம்மைக்குத் தெரியாது. நான் சொல்லல."

"இதற்குத்தான் அந்தப் பள்ளிக்கூடமா? நாளை முதல் போக வேண்டாம்."

அம்மாவின் முகம் கறுத்தது. ஆனாலும் சாமியாரின் எதிரே வந்து நின்றாள்.

"சாமி, படிக்காத நானாக்கும் அத மாதா பக்கத்துல வச்சேன். தப்புன்னு சொன்னது படிச்சவ. பின்ன ஆர நிறுத்தணும்?"

சாமியார், "படத்தை எடுத்துவிடு" என்று மட்டும் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். என் படிப்பு பிழைத்தது.

அம்மா படத்தை எடுத்து, மெழுகுக் கறையை முந்தானையால் துடைத்து, என் கையில் தந்தாள்.

"மூணு மாசம் முழங்கால்ல நின்னேனே. ஏட்டி, நீ பின்னால இருந்து பாத்துக்கிட்டுதானே இருந்தே?"

அதன்பின் நான் எதைச் சொன்னாலும், "இது புத்தகத்துல உள்ளதா, நீ சொல்லுததா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா நம்பினாள்.