பந்தை விடாதவன்

போன வாரம் நான்கு நாட்கள் என் சட்டைப் பைக்குள் ஓர் ஆளை வைத்துக்கொண்டு அலைந்தேன். ஆள் என்றால்... ஆளைப் பற்றிய கடிதம். நாலாக மடித்தால் தீப்பெட்டி அளவுக்குத்தான் வந்தது.

விஷயம் இதுதான். எங்கள் கொல்லங்கோட்டு ஹாக்கி கிளப்புக்கு நான் செக்ரட்டரி. ஆட்டம் தெரியும் என்பதால் இல்லை — விசில் என்னிடம் இருந்தது. தலைவர் காதர் ராவுத்தர். ஜவுளிக்கடைக்காரர். ஸ்டிக், பந்து எல்லாம் அவர் தயவு. அவருக்கும் ஆட்டம் தெரியாது. அவர் அதை வெளியே சொல்வார். நான் சொல்வதில்லை.

எங்களிடம் இரண்டு இளவட்ட ஃபார்வர்டுகள் இருக்கிறார்கள். சீசன் பாதி போய்விட்டது, இரண்டு பேரும் ஒரு கோல்கூடப் போடவில்லை. எதிர்த் தரப்போ நம் கோலுக்குள் வந்து போவதைச் சந்தைக்குப் போய்வருவதுபோல வைத்துக்கொண்டிருந்தது. அதாவது, கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற நல்ல பேக் எங்களுக்குக் கிடையாது.

கோவிந்தாபுரம் கிளப்பில் ஒரு பேக் இருக்கிறான். நின்றால் நின்றதுதான், காற்றுகூடச் சுற்றிக்கொண்டு போகும். அவர்களுக்கு ஃபார்வர்டு பஞ்சம். அந்த கிளப்பின் செக்ரட்டரி நாச்சிமுத்து என்னை பஸ் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, உங்க ரெண்டு பசங்கள்ள ஒருத்தன எங்களுக்குக் குடுத்துப்போட்டு, எங்க பேக்கக் கூட்டீட்டுப் போயிருங்க. எவன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம நம்ம மேச்சுக்கு வர்றப்போ கடுதாசி கையில இருக்கோணும். பாலக்காட்டு டோர்னமெண்டுக்குப் பேரு குடுக்கோணுமில்லீங்க?"

யாரைக் கொடுப்பது?

முதலாமவன் கந்தசாமி. உள்ளூர்க் கவுண்டர் வீட்டுப் பிள்ளை. பந்து கிடைத்தால் அடிப்பான். எதிரே இருப்பது நம் ஆளா, அவர்கள் ஆளா என்ற பேதமெல்லாம் அவனிடம் கிடையாது. பந்து வரப்பைத் தாண்டி நெல்லுக்குள் போய்விடும். வாரத்துக்கு ஒரு பந்தாவது தொலைப்பான்.

இரண்டாமவன் சுடலைமுத்து. தேவிகுளத்துக்குப் பக்கத்தில் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். நல்ல ஆட்டக்காரன் என்று யாரோ சொன்னதை நம்பி, ராவுத்தர் தன் கடையில் வேலையும் மாடியில் படுக்க இடமும் கொடுத்து வரவழைத்தார். பந்து கிடைத்தால் இவன் தரமாட்டான். ஸ்டிக்கோடு ஒட்டவைத்ததுபோல் மூன்று பேரைத் தாண்டிக் கொண்டுபோவான். கோல் கண்ணுக்கு முன்னால் இருக்கும். அடிக்கமாட்டான். திரும்பி, அதே மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு வந்துவிடுவான்! "பந்து, பந்து" என்று கத்திக் கத்தி மற்றவர்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கமிட்டி கூடியது. கடிதத்தை நான்தான் எழுதினேன். 'கந்தசாமி — வேகம் இருக்கிறது, பழகினால் சரியாகும். சுடலைமுத்து — பந்தை விடுவதில்லை. சுயநலம். மாற்றிக்கொள்ளலாம்.'

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நாங்கள் ஆடுகிற கிரவுண்டு கந்தசாமியின் அப்பாவுக்குச் சொந்தம். இதற்கும் எங்கள் முடிவுக்கும் சம்பந்தமில்லை என்று மினிட்ஸில் தெளிவாகவே எழுதியிருக்கிறோம்.

ராவுத்தர் மட்டும் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கோவிந்தாபுரத்தில் ஆட்டம் உண்டு, வேலை கிடையாது. வருகிற பேக்குக்குத்தான் கடை வேலையைக் கொடுத்தாக வேண்டும். ஆக, சுடலைமுத்து கொஞ்ச நாளில் மலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

"ஒரு தடவ தண்ணியில போட்டுப் பாக்காம துணியப் பத்திப் பேசக்கூடாதுங்க" என்றார். "ஆனா செக்ரட்டரி நீங்க. எழுதீட்டீங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் உங்க கிட்டயே இருக்கட்டும்."

அந்த வாரம் பார்த்து எனக்கு தேவிகுளம் போகிற வேலை வந்தது. மைத்துனருக்கு ஒரு பத்திரத்தின் நகல் வேண்டும். கிளம்புகிற அன்று சுடலைமுத்து ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றான்.

"சார், தேவிகுளத்துக்குப் போறியளாம்லா? இந்தச் சேலைய எங்க அம்மைட்ட குடுத்துருதியளா?"

வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். சேலை பையில், கடிதம் சட்டையில். பொள்ளாச்சி, உடுமலை என்று பஸ் மாறி மாறி, மிச்சத்துக்கு ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு மலை ஏறினேன். வளைவுக்கு வளைவு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கடிதம் விழுந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம் என்று அப்போது நினைத்தேன்.

நகல் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. திரும்ப வண்டி மறுநாள்தான். விசாரித்துக்கொண்டு எஸ்டேட்டுக்கு நடந்தேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் கடைசி வீடு. சுடலைமுத்துவின் அம்மா அப்போதுதான் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். சேலையை வாங்கி, பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, எனக்குப் பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார்.

லயத்துக்கு முன்னால் கிரவுண்டு. கிரவுண்டு என்று அவர்கள் சொன்னதால் தெரிந்தது. மூன்று பக்கம் தேயிலை. நான்காவது பக்கம் ஒன்றுமே இல்லை... நேரே பள்ளம். அதற்கும் கீழே எங்கேயோ ஓடை ஓடுகிற சத்தம். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன ஸ்டிக்குகளை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சுடலைமுத்துவைப் போலவே ஆடினார்கள். பந்தை ஸ்டிக்கோடு ஒட்டவைத்துக்கொண்டு, ஓரத்துக்குப் போனதும் திரும்பிக்கொண்டு!

ஒருவன் மட்டும் கொஞ்சம் ஓங்கி அடித்துவிட்டான். பந்து விளிம்பைத் தாண்டியது. யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. இரண்டு அணியும் ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு வரிசையாகப் பள்ளத்தில் இறங்கித் தேயிலைத் தூருக்குள் தேடத் தொடங்கின. என் சாயா ஆறி, இரண்டாவது சாயாவும் ஆறிப்போனது. அவர்கள் வரவில்லை.

"வேற பந்து எடுத்து ஆடலாமே?" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். "வேற பந்து ஏதுய்யா? வருசத்துக்கு ஒண்ணுதான் எஸ்டேட்டு மேனேசர் துரை குடுப்பாரு. அது போச்சுன்னா அந்த வருசம் ஆட்டம் கெடையாது. பயலுவ சும்மா திரிய வேண்டியதுதான்."

பிறகு குரலில் கொஞ்சம் பெருமை சேர்ந்துகொண்டது.

"எம் மவன் ரெண்டு வருசம் ஆடுனான்யா. ஒரு நாள்கூடப் பந்தத் தொலச்சதில்ல. லயத்துல யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அங்கயும் அப்படித்தான ஆடுதான்?"

கடிதம் நெஞ்சுக்கு மேலேயே இருந்தது.

"அப்படியேதாம்மா ஆடுறான்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. ஆனாலும் வெட்கமாக இருந்தது. நாம் ஓர் ஆளைப் பார்க்கிறோம், குறை கண்டுபிடிக்கிறோம், அதற்கு ஒரு பெயரும் வைத்துவிடுகிறோம். அவன் எங்கே ஆடிப் பழகினான் என்று கேட்கத் தோன்றுவதில்லை. கந்தசாமி ஆடிப் பழகியது அறுத்த வயலில். நெல்தாள் பந்தைத் தடுக்கும், ஓங்கி அடித்தால்தான் நகரும், தொலைந்தால் அப்பா வேறு வாங்கித் தருவார். அதனால் அவனுக்கு வேகம் என்று எழுதினேன். ஒற்றைப் பந்தைப் பன்னிரண்டு பேருக்காகக் காப்பாற்றியவனுக்குச் சுயநலம் என்று எழுதினேன். எழுதியது நான்தான். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

கொல்லங்கோடு வந்து ராவுத்தரிடம் நடந்ததைச் சொன்னேன். மறுநாள் அவர் அரை டஜன் புதுப் பந்துகளோடு கிரவுண்டுக்கு வந்தார்.

"தம்பி, இது பூராத்தையும் நீதான் தொலைக்கோணும்."

சுடலைமுத்து பயந்துபோனான். "வேண்டாம் மொதலாளி. புதுப் பந்துல்லா!"

நாங்கள் அரை மணி நேரம் கெஞ்சிய பிறகு ஒன்றை அடித்தான். அம்மாடி, என்ன அடி! ஆனால் அடித்த கையோடு ஸ்டிக்கைப் போட்டுவிட்டுப் பந்துக்குப் பின்னாலேயே ஓடினான். விசில் ஊதி நிறுத்தினேன். செக்ரட்டரியானதற்கு நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து கடிதத்தைக் கேட்டார். கொடுப்பதற்கில்லை என்றேன். "அப்ப மேச்சுல பாத்துக்கலாமுங்க" என்று போய்விட்டார். பார்த்துக்கொண்டார்கள். தோற்றோம். அந்த பேக் நின்றால் நின்றதுதான் என்று முன்பே சொன்னேன் அல்லவா?

ஆனால் சுடலைமுத்து மூன்று பந்து தொலைத்தான். ஒன்று நெல்லுக்குள். ஒன்று, கந்தசாமிக்குக் கொடுத்த பாஸ் — இவன் பாஸ் கொடுப்பான் என்று கந்தசாமி கனவிலும் நினைக்காததால் தவறவிட்டு, வாய்க்காலில் போனது. மூன்றாவது கோலுக்குள் புகுந்து, வலையில் இருந்த ஓட்டை வழியாக வெளியேறி, அதே வாய்க்காலில் விழுந்தது. கமிட்டி அன்றைக்கே கூடி, மூன்று பந்துகள் தொலைந்ததற்கு மகிழ்ச்சி தெரிவித்துத் தீர்மானம் போட்டது. கடிதத்தை ராவுத்தர் வாங்கி, பின்பக்கம் விலை எழுதி, துணிப் பொட்டலத்துக்குள் சீட்டாக வைத்து யாருக்கோ விற்றுவிட்டார்.

எல்லோரும் போன பிறகு சுடலைமுத்து தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். முழங்கால் வரை வாய்க்கால் சேறு. பந்து கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"சார், எங்க அம்மைக்கு எதும் எழுதுனியன்னா, கோல் போட்டத எழுதுங்க. பந்து தொலஞ்சத மட்டும் எழுதிராதிய."

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பத்திரிகை அந்த லயம் வரைக்கும் போகாது என்று நம்புகிறேன்.