அழாத நாத்தனார்

செல்வநாயகி கல்நெஞ்சக்காரி என்று கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு பேச்சு உண்டு. பேசுகிற வாயில் மண்ணைப் போட! கூடப்பிறந்த அண்ணன் ராஜாங்கம் செத்துக் கிடந்தபோது அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, அது உண்மை. அண்ணி பூர்ணிமாவைக் கட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். முகம் மட்டும் காய்ந்து கிடந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். "நல்லா நடிக்கிறா" என்று யாரோ சொன்னது அண்ணியின் காதில் விழுந்தது. கருமாதிக்குப் பிறகு அண்ணி அவள் போனை எடுக்கவே இல்லை.

செல்வநாயகியின் புருஷன் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை கிடையாது. அவளுக்குப் போக்கிடம் அந்தப் பிறந்த வீடு ஒன்றுதான்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்குப் பிசிறு சுரண்டுவது அவள் வேலை. மாதவிலக்கு நின்ற வருஷம் வாய் வறள ஆரம்பித்தது. ரசம் ஊற்றாமல் சோறு இறங்காது. பல் பல்லாகச் சொத்தை, காதுக்குக் கீழே வீக்கம், கண்ணில் உறுத்தல். "பீங்கான் தூசிதான் அக்கா, வேற என்ன" என்றார்கள் பட்டறையில். இந்த ஊரில் தும்மினாலும் தூசிதான், விக்கினாலும் தூசிதான்! அவளும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

அண்ணன் போன மறுவருஷம், பல் பிடுங்கப் போன இடத்தில் சந்தேகப்பட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். ரத்தமும், உதட்டின் உட்புறத்திலிருந்து துளி சதையும் எடுத்துப் பார்த்தார்கள்.

"தூசி இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே எச்சில் சுரப்பியையும் கண்ணீர் சுரப்பியையும் எதிரின்னு நெனச்சு அடிக்குது. இது வர்றவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேரு பொம்பளைங்க. விலக்கு நிக்கிற வயசுல ஹார்மோன் கொறையுது. சுரப்பிக்குக் காவலா இருந்ததுல அதுவும் ஒண்ணுன்னு சொல்றாங்க. அது மட்டுமே காரணம் இல்ல."

"அந்த ஹார்மோனையே மாத்திரையா குடுத்துடுங்களேன்?"

"குடுத்துப் பாத்துட்டாங்கம்மா. பெருசா பலன் இல்ல. கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதுறேன்."

நோவு இன்னதென்று கேட்டு அவள் பயப்படவில்லை. பாவி மகள், சந்தோஷப்பட்டாள்! அழுகை வராததற்குக் காரணம் கிடைத்துவிட்டதே. அந்த ஞாயிற்றுக்கிழமையே கருவேப்பிலங்குறிச்சிக்கு பஸ் ஏறினாள்.

அண்ணி உட்காரச் சொன்னாள், அவள் சொன்னதையெல்லாம் கேட்டாள். கேட்கக் கேட்க அண்ணியின் கண் நிறைந்துவிட்டது.

"நான் நம்புறேன் நாயகி. உன்ன என்னென்னமோ நெனச்சிட்டேன்."

"அது போவட்டும் அண்ணி. இனிமே நான் வரப்போக இருக்கலாங்களா?"

பூர்ணிமா வாசல் பக்கம் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஊரே பாத்துச்சே. வூடு வூடா போயி யாரு சொல்றது? இதுல எம்பொண்ணுக்கு மாப்பிள்ள வேற பாக்குறோம். கொஞ்ச நாளு போவட்டும்."

"போயிட்டு வரேன் அண்ணி" என்றாள். எப்போது வருவாய் என்று அண்ணி கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில், விருத்தாசலம் வரைக்கும் செல்வநாயகி அழுதாள், முகம் காய்ந்தபடியே. பக்கத்து சீட்டுக்காரி தன் மருமகளின் வளைகாப்புக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.