தட்டில் வைத்த படப்புத்தகம்

ஏழாம் மாதத்தில் பிறந்து, பிழைக்காது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகும் பிழைத்து வீடு வந்தது டெனிஷாவின் முதல் வெற்றி. வலது கை விரல்கள் மடங்காமலே வளர்ந்தன. அவள் இடது கையால் எழுதப் பழகினாள். "இடது கையால கொப்பி நீட்டாதே" என்று அதட்டிய அதே ரீச்சர் பின்பு அவளுக்குச் சித்திரத்தில் முதற்பரிசு கொடுக்க வேண்டி வந்தது. கணிதத்தில் இரண்டு தடவை விழுந்து மூன்றாம் தடவை ஓலெவல் பரீட்சை தேறினாள். பயிற்சி இல்லாதவர்களை எடுப்பதில்லை என்ற மொன்டிசோரியில் கூட்டித் துடைக்கும் உதவியாளாகச் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் கிருலப்பனைக்கு பஸ் பிடித்துப் போய், சிங்களத்தில் நடந்த பயிற்சி வகுப்பைத் தமிழில் குறிப்பெடுத்துப் படித்து, கடைசியில் அதே மொன்டிசோரியில் ரீச்சராக நின்றாள்.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியிருந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இவ்வளவையும் வரிசை தப்பாமல் சொல்லக்கூடியவன் அவளுடைய அண்ணன் நோபேட் ஒருவன்தான். கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான்.

நோபேட் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்ட்டின் வாசலில் வேலை. வரும் ஒவ்வொரு பெட்டியின் இலக்கத்தையும் வாய்விட்டு வாசித்து, கதவில் பூட்டியிருக்கும் சீல் முத்திரையை இழுத்துப் பார்த்து, திரும்ப ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகே உள்ளே விடுவான். அப்படி எதையும் சரிபார்த்துப் பழகிய மனிதனுக்குத் தங்கச்சியின் படப்புத்தக விஷயத்தில் மட்டும் தலைகால் புரியவில்லை.

அது தொடங்கியது அவனுடைய மகள் ரொஷேலுக்கு முதற்பல் முளைத்தபோது. அவர்கள் வீட்டில் அப்போது பல்லுக்கொழுக்கட்டை அவித்து, குழந்தையைப் பாயில் இருத்தி அதில் கொஞ்சம் தலையில் சொரிந்து, முன்னால் ஒரு தட்டு வைப்பது வழக்கம். தட்டில் சங்கிலி, பேனை, கத்தரிக்கோல், செபமாலை, ஒரு புத்தகம். குழந்தை எதை முதலில் எடுக்கிறதோ, அதன் வழியில் போகும் என்பார்கள். புத்தகம் என்று நோபேட் கொண்டுவந்து வைத்தது தடித்த கறுப்பு அட்டை போட்ட பழைய செபப்புத்தகம்.

"இத எந்தப் பிள்ளை அண்ணா எடுக்கும்? தூக்கவும் ஏலாது" என்றாள் டெனிஷா. பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, நூலால் தைத்து, அந்த வீட்டுப் பூனையையும் தண்ணீர்ப் பைப்பையும் கரண்ட் வயரில் இருக்கும் காகத்தையும் வரைந்து வைத்தாள். ரொஷேல் ஊர்ந்து வந்து அதைத்தான் எடுத்தாள். எடுத்த கையோடு வாயில் வைத்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். நோபேட் அதைப் பறித்துத் துடைத்து, பொலித்தீன் உறை போட்டு, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

அதன் பிறகு ஒழுங்கையில் பல் முளைத்த வீட்டுக்காரரெல்லாம் டெனிஷாவைத் தேடி வந்தார்கள். அவளும் அந்தந்த வீட்டுக்குப் போய், குழந்தை தினமும் எதைப் பார்க்கிறது என்று பார்த்து வந்து வரைந்து கொடுத்தாள். "டெனிஷாவின் புத்தகம் இருந்தால் பிள்ளை வேறொன்றையும் தொடாது" என்ற பேச்சு பரவியது. நோபேட்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பின்னொரு நாள் பக்கத்து வீட்டு றோஸி மகனின் இரண்டாவது பிறந்தநாளுக்கு இவர்களைக் கூப்பிட்டாள். அங்கே ஷோகேஸுக்குள், கல்யாணப் படத்துக்கும் மாதா சொரூபத்துக்கும் நடுவில், டெனிஷாவின் புத்தகம் நின்றது. சின்னவன் கண்ணாடியில் மூக்கை அமத்தி, "பூனை, பூனை" என்று தட்டிக்கொண்டிருந்தான்.

"தொடாத! ஊத்தையாக்கிப்போடுவாய்" என்று றோஸி அவன் கையை விலக்கினாள். பிறகு டெனிஷா பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா அக்கா, ஒரு கீறல் இல்ல. நீங்க ஒரு சைனும் போட்டுத் தந்தீங்கண்டா இன்னும் வடிவா இருக்கும்."

"சைன் வேண்டாம் றோஸி. பிள்ளை கேக்குதே, குடுங்களேன்."

"ஐயோ, கிழிச்சுப்போடுவான்!"

"கிழிக்கட்டுமே."

றோஸி அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். நோபேட்டும் சிரித்தான். வீட்டுக்குத் திரும்பும்போது டெனிஷா, "இனி நான் புத்தகம் செய்யமாட்டன் அண்ணா" என்றாள்.

"ஏன்? எவ்வளவு மரியாதையா வச்சிருக்குதுகள்!"

"அதுதான்."

"எதுதான்?"

அவள் நடையைக் கூட்டி முன்னால் போய்விட்டாள்.

நோபேட் அதை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று தெரியாமல் தவித்தான். மனைவி கொன்ஸ்ரன்ஸிடம் கேட்டான். "உங்கட தங்கச்சி, எனக்கென்ன தெரியும்?" என்றாள் அவள். கண்ணூறு பட்டுவிட்டதோ, மொன்டிசோரியில் யாரும் ஏசினார்களோ என்றெல்லாம் யோசித்துவிட்டு, தங்கச்சியிடமே போனான்.

"ஷோகேஸில மேல்தட்டில வைக்கேல்லயெண்டோ கோவம்? நான் றோஸியிட்டக் கதைக்கட்டுமா?"

டெனிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு இடையிலேயே கண் கலங்கியது. அவன் பயந்துபோய் வெளியே வந்தான்.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கை முனையில் சலூன் வைத்திருக்கும் பிறெடியின் மகளுக்குப் பல் முளைத்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொழுக்கட்டை. டெனிஷா முடியாது என்றதும் பிறெடி நோபேட்டைப் பிடித்தான்.

"மச்சான், எங்கட பிள்ளை மட்டும் என்ன பாவம் செய்தது? கடைப் புத்தகத்த வச்சு, அது கத்தரிக்கோல எடுத்தா, சலூன்காரன்ட மகள் சலூனுக்குத்தான் எண்டு ஊரே சிரிக்கும்."

"சலூனுக்கு என்ன குறை?"

"எனக்குத் தெரியும் குறை. தங்கச்சியிட்டச் சொல்லு மச்சான்."

நோபேட் சொன்னான், கெஞ்சினான், ஒருநாள் பேசாமலும் இருந்து பார்த்தான். அவள் தூரிகைகளைக் கழுவித் துடைத்து மேலே வைத்துவிட்டாள். இத்தனைக்குப் பிறகும் தோற்காத பிள்ளை, எல்லாரும் புகழும்போது ஏன் கைவிடுகிறது? யார்ட்டில் நிற்கும்போதும் அவனுக்கு அதே யோசனை.

ஞாயிறு காலை பூசை முடிந்து வந்தபோது வாசலில் ஹமீமா நின்றாள், இடுப்பில் மகள் ஆதிபாவுடன். ஒழுங்கைக்குப் பின்னால் மாடிவீட்டில் இருப்பவள். அவர்கள் வீட்டில் தட்டு வைக்கும் வழக்கமில்லை. ஆனாலும் ஆசைப்பட்டுக் கேட்டு ஒரு புத்தகம் வாங்கிப் போயிருந்தாள். அதற்குப் பிறகு டெனிஷாவைக் கண்டாலே வேறு பக்கத்தால் போய்விடுவாள். பெருமை பிடித்தவள் என்று நோபேட் முடிவு கட்டியிருந்தான்.

"ஏசாதீங்க தங்கச்சி" என்று ஹமீமா ஒரு பையை நீட்டினாள். "ஒங்கட மொகத்துல முழிக்க வெக்கம். இவ சோறு தின்னக்கொள்ளயும் இதுதான், படுக்கக்கொள்ளயும் இதுதான். நேத்து நடுவால பிஞ்சி, ராத்திரி முழுக்க அழுக. ஒட்டித் தரேலுமா?"

பைக்குள் இருந்ததை நோபேட் எட்டிப் பார்த்தான். மேலட்டை இல்லை. ஓரமெல்லாம் பல்லடையாளம், பருப்புக் கறை, கிழிசலெல்லாம் ஒட்டுகிற பிளாஸ்டிக் ரேப்புக்கு மேல் ரேப். சீல் உடைந்த பெட்டியைப் பார்ப்பதுபோல் அவன் முகம் மாறியது.

"என்ன பிள்ளை இது? ஒரு மனுசி கஸ்டப்பட்டுச் செய்து தந்த சாமான..."

"அண்ணா, சும்மா இருங்க." டெனிஷா ஏற்கெனவே நிலத்தில் இருந்துவிட்டாள். ஆதிபா இறங்கி ஓடிவந்து அவள் மடியில் ஏறிப் பக்கத்தைப் புரட்டினாள்.

"இது எங்கட தண்ணி டாங்கி. இது வாப்பாட செருப்பு. இது பூன."

"பூனைக்கு வால் எங்க?"

"வால நான் தின்ட."

டெனிஷா குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஹமீமா திகைத்து நோபேட்டைப் பார்த்தாள். நோபேட் ஹமீமாவைப் பார்த்தான். இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"பிறெடியிட்டச் சொல்லுங்க அண்ணா, பின்னேரத்துக்குள்ள தாறன். ஷோகேஸில வைக்கிறதெண்டா தரமாட்டன் எண்டும் சொல்லுங்க. முதல்ல இந்த ஒட்டுற ரேப்பைப் பிடியுங்க."

அவன் பிடித்தான். அவள் ஒட்டி முடித்து, பூனைக்கு வால் வரையப் போக, ஆதிபா வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாள். டெனிஷா தலையாட்டிவிட்டுக் கடைசி அட்டையைத் திருப்பி, பேனையை இடது கையில் எடுத்துத் தன் பெயரை எழுதினாள்.

"றோஸி கேட்டும் போடாதவ, இந்தக் கந்தலிலயா போடுறாய்?"

"இதத்தான் அண்ணா ஒரு பிள்ளை வாசிச்சிருக்கு."

நோபேட் அந்தக் கந்தலையும் பெயரையும் மாறி மாறிப் பார்த்தான். பாதி விளங்கியது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. ஆனால் கையெழுத்து என்றால் திகதி வேண்டும். அதில் அவனுக்குக் குழப்பமில்லை.

"திகதியையும் போடு" என்றான்.

அவள் பெயருக்குக் கீழே எழுதினாள்: 2024 ஒக்டோபர் 6.