பூட்டு திறக்கவில்லை, கேட் திறந்தது

என் மகள் செல்விக்குப் பதினொரு வயதில் கண்வலி வந்தது. ஏற்காட்டில் அந்த வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்த கண்வலிதான். மற்றப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். இவளுக்குப் புண்ணாகி, அது ஆறியபோது இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. இடது கண்ணில் வெளிச்சம்கூடத் தெரியாது. வலது கண்ணில் யாராவது அசைந்தால் நிழல் அசைவது தெரியும். அவ்வளவுதான்.

ஏழு வருஷம் அழுதேன். சபையில் அழுதேன், சமையல்கட்டில் அழுதேன். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இறந்தவர் யாராவது கண் கொடுத்தால் வலது கண்ணில் கருவிழி மாற்றி வைக்கலாம் என்றார்கள். பேரைப் பதிந்துவிட்டு வந்தோம். கண் கிடைத்தால் ஃபோன் செய்வார்கள், செய்தவுடன் புறப்பட்டு வர வேண்டும். வராவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். 1989 மழைக்காலத்தில் ஒரு தடவை கூப்பிட்டார்கள். மலைச்சாலையில் மண் சரிந்து கிடந்தது. எங்களால் இறங்க முடியவில்லை. அந்தக் கண் யாருக்கோ போனது. அன்றைக்கு செல்வி என்னிடம், "உடும்மா, அவிங்களாச்சும் பாக்கட்டும்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதை என்னால் தாங்கவே முடியவில்லை.

என் குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூட ஆஸ்டலில் மேட்ரன் வேலை பார்த்தவள். பிள்ளைகள் எழுந்திருக்க ஒரு மணி, குளிக்க ஒரு மணி என்று அடித்தே பழகியவள். ஜெபத்திலும் அப்படித்தான். கர்த்தரிடம் இன்னது வேண்டும், இன்ன வழியில் வேண்டும் என்று விவரமாகச் சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் தேவசகாயம் எஸ்டேட் டிரைவர், அதிகம் பேசாத மனுஷர். அவரே சில சமயம், "ஆண்டவருக்கும் டூட்டி போட்டுட்டயா?" என்று கேட்பார்.

முதல் தடவை தவறிப்போனதால் இரண்டாவது தடவைக்கு எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். பை கட்டி வாசலருகே இருந்தது. எஸ்டேட் முதலாளி நல்லவர், எப்போது கூப்பிட்டாலும் ஜீப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஏற்காட்டிலிருந்து சேலம், ஆத்தூர், உளுந்தூர்ப்பேட்டை, திண்டிவனம், மெட்ராஸ். விடியற்காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம் என்று என் வீட்டுக்காரரிடம் பத்துத் தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நான் நினைக்காத ஒன்று இருந்தது. 1990-இல் பெரிய வெள்ளி, சித்திரை முதல் தேதி, ஈஸ்டர் மூன்றும் அடுத்தடுத்த நாளில் வந்தன. அந்தச் சனிக்கிழமை விடியும்போது முதலாளி பங்களா வாட்ச்மேன் ஓடி வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன், ராத்திரி கண் கிடைத்திருக்கிறது, இன்று சாயங்காலத்துக்குள் பெண்ணை வெறும் வயிற்றோடு கூட்டி வரச் சொல்கிறார்கள் என்றார்.

நான் பெரிய வெள்ளி உபவாசத்தை இன்னும் முடிக்கவில்லை. ஒரு டம்ளர் காப்பி போடக்கூடத் தோன்றவில்லை. செல்வியைக் குளிக்க வைத்து, நானும் குளித்து, வாசலுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் ஜீப்பைக் கிளப்பாமல் யோசித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, என்ன நிக்கறீங்க?"

"இன்னிக்கு அந்த ரோட்டுல எறங்க முடியாது. வருசப் பொறப்பு, மூணு நாள் லீவு. சேலமே மேல ஏறி வரும்."

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழி விட வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பஸ், வேன், கார் என்று ஏறிக்கொண்டே இருந்தால் நாம் ஓரங்கட்டி நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். போன வருஷ லீவில் மத்தியானம் வரை இறங்க முடியாமல் கிடந்ததைச் சொன்னார். சேலத்திலும் அன்றைக்குக் கடைவீதியெல்லாம் ஜனமாக இருக்கும்.

"கொட்டச்சேடு வழியா குப்பனூர் எறங்கிருவோம். அங்கிருந்து அயோத்தியாப்பட்டணம் போயி ஆத்தூர் ரோட்டப் புடிச்சா சேலத்தத் தொடவே வேண்டாம்" என்றார்.

அப்போது அது நல்ல சாலை இல்லை. எஸ்டேட்டுகளுக்கு நடுவே கல்லும் மண்ணுமாகக் கிடக்கும். இடுப்பு ஒடிந்துவிடும். ஆனால் ஒரு வண்டியும் எதிரில் வராது. என் திட்டத்தில் இல்லாத வழி என்பதால் எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஏறி உட்கார்ந்தேன்.

ஒண்டிக்கடை முக்கைத் தாண்டும்போதே கீழேயிருந்து வந்த வண்டிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. இவர் சொன்னது சரிதான் என்று புரிந்தது, வாயைத் திறந்து சொல்லவில்லை. கொட்டச்சேடு தாண்டிக் காப்பித் தோட்டங்களுக்குள் இறங்கினோம். செல்வி ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ஒரு வளைவு திரும்பியதும் இவர் பிரேக்கை மிதித்தார். எதிரில் ஒரு எஸ்டேட்டின் இரும்புக் கேட். என்றைக்கும் திறந்து கிடக்கிற கேட். அன்றைக்கு லீவு என்று சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஆள் நுழைகிற சந்து மட்டும் இருந்தது. இவர் அதன் வழியாக ஓடிப்போய் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் வீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வீடு பூட்டியிருந்தது. ரைட்டர் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார், சாவி அவரோடு போய்விட்டது.

திரும்பி மேலே போய் பெரிய சாலையில் இறங்குவதென்றால் அன்றைக்கு மெட்ராஸ் கிடையாது. நான் ஜீப்பை விட்டு இறங்கி அந்தக் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். பக்தியாக ஜெபித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சண்டை போட்டேன். "ஆண்டவரே, சாவி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். சாவிய அனுப்பும். இன்னொரு தடவை என் பிள்ளைய ஏமாத்தாதேயும்" என்று சத்தமாகவே கேட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது கீழேயிருந்து தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது.

மலைக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வருஷப் பிறப்புக்குச் சேர்வராயன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துப் போகிறவர்கள். தலையில் குடம், நெற்றி நிறையத் திருநீறு, கையில் மஞ்சள் காப்பு. ஆண்கள் ஐந்தாறு பேர், பெண்கள் சிலர். முன்னால் வந்தவர் வெள்ளையன் என்று பேர். கீழே ஒரு சிற்றூரில் சாமையும் கொஞ்சம் காப்பியும் வைத்திருக்கிறவர். சந்துக்குள் நுழைந்து எங்களைப் பார்த்ததும் நின்றார்.

"ஏனுங்க டிரைவரண்ணா, இங்க நிக்கறீங்க?"

இவர் விஷயத்தைச் சொன்னார். வெள்ளையன் செல்வியைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார்.

"சாவி எதுக்குங்க? கேட்டத் தூக்கிக் கீலுல இருந்து கழட்டிருவோம். வண்டி போனதும் மாட்டிரலாமுங்க. ஆனா கொடத்தக் கீழ எறக்கக் கூடாதுங்களே. கோயில் போற வரைக்கும் ஆளு கையிலதான் இருக்கோணும்."

பெண்கள் தலையிலும் குடம் இருந்தது. தங்கள் குடத்தையே இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். வெள்ளையன் என்னைப் பார்த்தார்.

"நீங்க வாங்கிக்கிறீங்களாம்மா? கை மாறலாமுங்க, தப்பில்ல. ஆனா சுத்தபத்தமா இருக்கோணும். ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"நேத்திருந்து உபவாசம்" என்றேன்.

"புள்ள?"

"டாக்டர் வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காரு."

"அப்பச் சரிங்க. நாங்களும் உபவாசந்தானுங்க" என்று சிரித்தார்.

நான் கையை நீட்டவில்லை. சின்ன வயதிலிருந்து கோயில் பிரசாதத்தைக்கூடக் கையால் வாங்காதவள் நான். ஆஸ்டலில் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தவள். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின நாள் சேர்வராயனுக்குப் போகிற பாலை நான் ஏந்தி நிற்பதா? மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதற்குள் செல்வி ஜீப்பில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் நீட்டினாள்.

"கொடுங்கண்ணா. நான் கெட்டியாப் புடிச்சுக்குவேன்."

"பாத்துக் கண்ணு, தளும்பப் போகுது" என்று வெள்ளையன் தன் குடத்தை இறக்கி அவள் கையில் கொடுத்து, விரல்களை விளிம்பில் பதிய வைத்தார். எனக்கு அதற்கு மேல் என்ன யோசனை? நானும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். ஆளுக்கு இரண்டு மூன்று குடம், மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டோம். பால் வாசனையும் மஞ்சள் வாசனையுமாக இருந்தது. தப்பு அடிக்கிறவர்கூடத் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

என் வீட்டுக்காரரும் அவர்களும் சேர்ந்து, "ஐலசா" போட்டுத் தூக்கினார்கள். முதலில் அசையவில்லை. துருப்பிடித்துக் கிடந்தது. வெள்ளையன் ஒரு கல்லால் கீலைத் தட்டினார். மறுபடி தூக்கினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், என்னை மறந்து என் ஆண்டவரைக் கூப்பிட்டேன். பக்கத்தில் குடத்தோடு நின்ற ஒரு பெண் தன் சாமியைக் கூப்பிட்டாள். கிரீச்சென்று ஒரு சத்தம். கேட் ஒரு பக்கம் கழன்று வந்துவிட்டது. சங்கிலியும் பூட்டும் போட்டது போட்டபடி தொங்க, கேட்டை மறுபக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்கள். இவர் ஜீப்பை மெதுவாக அந்தப் பக்கம் கொண்டுபோனார். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

கேட்டை மறுபடி மாட்டிவிட்டுக் குடங்களை வாங்கிக்கொண்டார்கள். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "நேரமாச்சுங்க, நீங்க கெளம்புங்க. ரைட்டர் கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்று வெள்ளையன் கையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு நெடுஞ்சாலை. லீவுக்கு மெட்ராஸை விட்டுக் கிளம்பிய கூட்டமெல்லாம் எதிரில் வந்தது. ஒரு பஸ்ஸை முந்திக்கொண்டு இன்னொரு பஸ் நேராக எங்கள் மேலேயே வரும். இவர் சாலையை விட்டு மண்ணில் இறங்குவார், மறுபடி ஏறுவார். ஆனால் எங்கள் பக்கம் போகிற வண்டிகள் குறைவு. வருஷப் பிறப்பு என்று லாரிகளும் அதிகம் ஓடவில்லை. டீசல் போட்டதைத் தவிர எங்கும் நிற்கவில்லை. இவருக்காவது ஒரு வாய் சாப்பாடு வாங்கலாம் என்றேன். "உங்களோட நானும் இருந்துக்கறேன்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது வெயில் இன்னும் சுவரில் இருந்தது. "வந்துட்டீங்களா! டாக்டர் ரெடியா இருக்கார்" என்று நர்ஸ் செல்வியின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். நான் அந்த நடையிலேயே முழங்காலில் விழுந்துவிட்டேன்.

அன்று ராத்திரியே கருவிழியை மாற்றி வைத்தார்கள். ஈஸ்டர் ஞாயிறு காலையில் கட்டைப் பிரித்தார்கள். நாள் ஆக ஆகத்தான் தெளியும், இப்போதே எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் எச்சரித்தார். செல்வி கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டாள். என் நெற்றிக்கு மேல் விரலை வைத்தாள்.

"ஏம்மா, உனக்கு இவ்வளவு நரைச்சுருச்சா?"

ஏழு வருஷம் கழித்து என் பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. சிரித்தேன், அழுதேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் சந்தோஷப்படும்போது, கண் கொடுத்தவரைப் பறிகொடுத்து அந்த ஊரில் ஏதோ ஒரு வீட்டில் அன்றைக்கு அழுதுகொண்டிருப்பார்கள் என்ற நினைப்பும் வந்தது. அவர்கள் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. அந்த வீட்டுக்காக ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஜெபிக்கிறோம். நாங்கள் இருவரும் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஊருக்கு வந்து ஜெபக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். ஒரு சகோதரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இருந்தாலும் அக்கா, அந்தப் பால்குடத்தைக் கையில வாங்கலாமா?" என்று கேட்டார். "நான் கேட்டது சாவி. கர்த்தர் அனுப்பினது அவங்கள. எதுக்கு அப்படி அனுப்பினார்னு அவரையே கேட்டுக்கங்க" என்றேன். இன்றைக்கும் என் பதில் அதுதான்.

பார்வை தெளிந்ததும் செல்வி முதலில் போக வேண்டும் என்று கேட்டது வெள்ளையன் வீட்டுக்கு. போனோம். அவர் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "இந்தா, வந்து பாரு, அந்தப் புள்ளைக்குத் தெரியுதாம்!" என்று சம்சாரத்தைக் கூப்பிட்டார். பிறகு என்னிடம், "அன்னிக்குக் கோயில்ல பால ஊத்தறப்ப எங்களுக்குன்னு ஒண்ணும் கேக்கலீங்கம்மா. எல்லாரும் இந்தப் புள்ளைக்குத்தான் வேண்டுனோம்" என்றார்.

நான் இப்போதும் விவரமாகத்தான் ஜெபிக்கிறேன், குணம் மாறுமா? ஆனால் பதில் எந்த உருவத்தில் வர வேண்டும் என்று மட்டும் சொல்வதில்லை. நீங்களும் கேளுங்கள். எத்தனை வருஷமானாலும் விடாமல் கேளுங்கள், அவர் கேட்கிறார். வழியில் யாராவது பூட்டிய கேட்டுக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றால், உங்களுக்கு எவ்வளவு அவசரமாக இருந்தாலும் கொஞ்சம் நில்லுங்கள். அவர்களுடைய ஜெபத்துக்கு அனுப்பப்பட்ட ஆள் நீங்களாக இருக்கலாம்.